மரச்சீனி வேரும் அதில் வாழும் பூசணமும்

பூசணம் என்றவுடன் இலைப்புள்ளியும் கிழங்கழுகலுமே நம் குடியானவர்களின் நினைவுக்கு வரும். ஆயினும் எல்லாப் பூசணங்களும் பயிருக்குப் பகையல்ல. திருவட்டாறு பக்கத்து விளைகளில் நடப்பெறும் மரச்சீனியின் வேருக்குள் கண்ணுக்குப் புலப்படாத பூசணம் ஒன்று குடியிருந்து, அப்பயிருக்கு உணவு தேடிக் கொடுத்து வருகிறது. எருவுக்குக் கடன் பெறும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இதன் இயல்பை அறிதல் நலம். அறிந்தால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.

நமது மேட்டு நிலங்களிற் பெரும்பாலானவை சரளை கலந்த செம்மண். அம்மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை இறுகப் பற்றிக் கொள்ளும். சூப்பர் பாஸ்பேட் இட்டாலும் அதில் ஒரு பகுதியே பயிருக்குக் கிட்டும். மணிச்சத்து மண்ணில் எளிதில் நகர்வதுமில்லை. ஆகவே தன்னையொட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரத்திலுள்ளதை உண்டு தீர்த்த வேர், சற்று அப்பால் சத்து இருந்தும் பட்டினி கிடக்கும். மரச்சீனியின் வேர்களோ தடித்தவை, எண்ணிக்கையிலும் குறைந்தவை.

இக்குறையைப் பூசணம் தீர்க்கிறது. அதன் இழைகள் வேரினுள்ளிருந்து புறப்பட்டு மண்ணிற் பல சென்டிமீட்டர் தூரம் பரவும். வேர் நுழைய மாட்டாத சிறு துளைகளிலும் நுழையும். அங்குள்ள மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் வேரிடம் சேர்க்கும். அதற்கு ஈடாக, இலைகள் வெயிலிற் சமைத்த உணவில் ஒரு பங்கைப் பெறும். ஒருவருக்கொருவர் உதவி இருவரும் பிழைக்கும் இம்முறை நம் சங்கத்தாருக்குப் புதிதன்று.

பூசணமும் வேரும் கூடி வாழும் இவ்வுறவுக்கு ஜெர்மன் தேசத்துச் சாஸ்திரியான பிராங்க் என்பவர் 1885-ம் வருஷம் பெயரிட்டார். திருவிதாங்கூரில் மரச்சீனிச் சாகுபடியை ஊக்குவித்த விசாகம் திருநாள் மகாராஜாவின் ஆட்சி முடிந்ததும் அவ்வருஷமே. பின்னர் கொலம்பியா நாட்டில் 1980-களில் நடந்த சோதனைகளில், பூசணமற்ற மண்ணில் நட்ட மரச்சீனி குன்றி நின்றது. பூசணம் சேர்த்த மண்ணில் நட்டது செழித்தது. இப்பயிர் எவ்வளவு தூரம் பூசணத்தை நம்பியிருக்கிறதென்பது இதனால் விளங்கும்.

அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. மண்ணைப் பரிசோதித்த பின்னரே மணிச்சத்து இடுக. அது மிகுந்த மண்ணில் பயிர் பூசணத்தை ஏற்பது குறையும், பணமும் வீணாகும்.

2. விளையில் குப்பையைக் குவித்துத் தீயிடுவதையும், தேவையின்றிப் பூசணக்கொல்லி மருந்தை மண்ணில் ஊற்றுவதையும் ஒழிக்க. தீயும் மருந்தும் நன்மை தீமை அறியா.

3. நெடுநாள் நீர் தேங்கிய வயலில் இப்பூசணம் குறைந்திருக்கும். அங்கே மரச்சீனி நடுமுன் பயறு ஒரு போகம் செய்தல் நன்று. பயறு, நிலக்கடலை ஆகியவற்றின் வேரிலும் இப்பூசணம் வாழும். கடுகு, முட்டைக்கோசு ஆகியவற்றின் வேரில் வாழாது.

இப்பூசணம் ‘வேம்’ என்ற பெயரில் விலைக்கும் கிடைக்கிறது. இதனை இலையில் தெளித்துப் பயனில்லை. நடும்போது கம்பின் அடியில், புதுவேர் தொடும்படி இடல் வேண்டும். ஆனால் மண்ணிலேயே பூசணம் போதிய அளவு இருப்பின் வாங்கி இடுவதாற் பெரும் பலன் காணாது. ஆகவே அனைவரும் கடன்பட்டு வாங்குமுன், நாலைந்து அங்கத்தினர் தத்தம் விளையில் இருபது மூட்டுக்கு அதனை இட்டு, அடுத்த இருபது மூட்டை இடாமல் விடுக. மற்ற எருவும் வேலையும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். அறுவடையில் கிழங்கைத் தனித்தனியே நிறுத்துச் சங்கக் குறிப்பேட்டில் பதிக. ஒருவர் விளையில் கண்டது தற்செயலாகலாம். ஐவர் விளையிலும் ஒத்துக் கண்டதை நம்பலாம். நிறுவைக் கணக்கைப் பார்த்த பின்னரே வாங்குவதா வேண்டாமா என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானிக்க.