மதியிறுக்கம் என்னுஞ் சொல்

ஆட்டிசம் என்பதனைத் தமிழில் மதியிறுக்கம் எனப் பலரும் வழங்குவர். இச்சொல்லைக் கேட்போர், அவ்வியல்புடையாரின் அறிவு இறுகி முடங்கிக் கிடக்கின்றதென எண்ணுதல் கூடும். அவ்வெண்ணம் பொருந்துமா என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இது தொற்றுநோயன்று, பெற்றோர் வளர்ப்பால் விளைவதுமன்று, மூளை வளர்ச்சியில் இளமைதொட்டே அமைந்த வேறுபாடாகும். பிறரை நேர்நோக்கிப் பேசாமை, கேட்ட சொல்லையே மீட்டுஞ் சொல்லல், ஒரே ஒழுங்கை விரும்பல், பேரொலி பொறாமை என்பன இதன் குறிகளுட் சில. இவை எல்லார்க்கும் ஒருபடித்தாய் இரா. சிலர் பேச்சின்றியே வாழ்வர். சிலர் பல்கலைக்கழகப் பட்டம் பெறுவர். 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 11 சிறாரைப் பற்றி எழுதிய லியோ கானர் என்னும் மருத்துவர், அவர்தம் வியத்தகு நினைவாற்றலை அன்றே குறித்துள்ளார்.

1983-இல் அமிட்டா ஷா, ஊட்டா ஃபிரித் என்னும் ஆராய்ச்சியாளர் ஒரு சோதனை நிகழ்த்தினர். பெரிய சித்திரத்தினுள் மறைந்துள்ள சிற்றுருவைக் கண்டெடுத்தலில், ஒத்த அறிவு வளர்ச்சியுடைய ஏனைய சிறாரினும் இவ்வியல்புடைய சிறாரே மேம்பட்டனர். முழுமையை முதலிற் காண்பார்க்கு மறைவது, கூறுகளை முதலிற் காண்பார்க்குப் புலனாயிற்று. 1947-இல் பிறந்த டெம்பிள் கிராண்டின் என்னும் அமெரிக்க அம்மையார் மூன்று வயது கடந்தும் பேசாதிருந்தவர், படங்களாகவே சிந்திப்பவர். நிழல், தொங்குஞ் சங்கிலி முதலிய சிறு பொருள்களைக் கண்டு மாடுகள் மருளுதலை நுணுகி நோக்கி, அவற்றை அச்சுறுத்தாது நடத்தும் பட்டிகளை வகுத்தார். வில்லியனூர், பாகூர்ப் பக்கங்களில் மாடு வளர்ப்பார் இந்நுண்ணோக்கின் அருமையை எளிதில் உணர்வர்.

எனினும், இவ்வியல்புடையார் அனைவரும் அருந்திறலோர் எனக் கொள்ளுதலும் பிழையே. அருந்திறல் இருப்பினும் இல்லாவிடினும் கல்வி அவர்க்கு உரியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தான் எண்ணும் 21 வகைகளுள் ஆட்டிசத்தையும் சேர்த்துள்ளது. புதுச்சேரியில் 2003-இல் தோன்றிய சத்யா சிறப்புப் பள்ளி இத்தகைய சிறார்க்குப் பணிபுரிகின்றது. ஆயினும் சிற்றூர்ப் பிள்ளை பெரும்பாலும் முதலிற் சேர்வது தன்னூர்ப் பள்ளியிலேயாம். ஆங்கே திமிரன் என்றோ மந்தன் என்றோ அப்பிள்ளை பெயர் பெற்றுவிடின், சட்டத்தின் பயன் அதனைச் சென்றடைதல் அரிது. விடை கூறச் சற்றுப் பொழுது தருதல், மாற்றத்தை முன்னரே அறிவித்தல், படத்தாற் கற்பித்தல், ஓசை குறைந்த இடத்தில் அமர்த்தல் ஆகிய இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா, பொறுமையே வேண்டும்.

இவ்வியல்பைத் தாமும் உடையராகிய டேமியன் மில்டன் என்னும் அறிஞர், அவர் நம் உள்ளத்தை அறிதற்கு இடர்ப்படுமாறு போல நாமும் அவருள்ளத்தை அறிதற்கு இடர்ப்படுகின்றோம் என 2012-இல் எடுத்துக் காட்டினார். எனவே இறுக்கம் ஒருபாலதன்று. நம்முள் ஆசிரியராகச் செல்வோர், தம் வகுப்பில் பேசாது அமர்ந்திருக்கும் பிள்ளைக்குப் பெயரிடுமுன், அப்பிள்ளை எதனை நோக்கியிருக்கின்றது எனத் தாமும் நோக்குவாராக.