அச்சு மூட்டும் அதன் ரப்பர் உறையும்

அச்சுக்கு மை இடாமல் மாட்டு வண்டியில் பாரம் ஏற்றும் வழக்கம் நம் ஊர்களில் இருந்ததில்லை. வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த அந்த மை, தேய்மானத்தைக் குறைத்தது. மை வற்றினால் சக்கரமே கிறீச்சிட்டு அறிவித்துவிடும். இன்றைய காரின் அச்சுக்கும் மை உண்டு. ஆனால் அது ரப்பர் உறைக்குள் மறைந்திருக்கிறது. உறை கிழிந்த அன்றே ஓசை எழாது. ஓசை எழும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அவ்வுறையின் பணியையும், அதனை வீட்டிலேயே மாற்றும் முறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூட்டு எதற்கு?

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி கார்களில் பின் சக்கரங்களே வண்டியை உந்தின. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காரையோ முன் சக்கரங்கள் இழுத்தன. முன் சக்கரம் திரும்பவும் வேண்டும். மேடு பள்ளங்களில் ஏறி இறங்கவும் வேண்டும். அதே வேளையில் எஞ்சின் விசையால் சுழலவும் வேண்டும். ஆகவே அச்சில் வளையும் மூட்டு தேவையாயிற்று.

பழைய ஹூக் மூட்டு, வளைந்த நிலையில் சீராகச் சுழலாது. 30 பாகை வளைவில், ஒரு சுற்றுக்குள் அதன் வேகம் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையே இருமுறை ஏறி இறங்கும். பொறியாளர் ஆல்ஃபிரட் ரெசெப்பா 1920களில் உருவாக்கிய மூட்டு இக்குறையைப் போக்க வழிவகுத்தது. இவ்வகை மூட்டில் ஆறு எஃகுக் குண்டுகள், இரு தண்டுகளுக்கு இடைப்பட்ட கோணத்தைச் சமமாகப் பிரிக்கும் தளத்திலேயே எப்போதும் நிற்கின்றன. அதனால் வேகம் மாறுவதில்லை.

உறையின் பணி

துருத்தி போன்று மடிப்பு மடிப்பான இவ்வுறையை மெக்கானிக்குகள் ‘ஆக்சில் பூட்’ என்பர். கிரீஸை உள்ளே காப்பதும், தூசியை வெளியே நிறுத்துவதும் இதன் வேலை. வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி வட்டாரமோ வானம் பார்த்த பூமி. கோடையில் புழுதி, மழையில் சேறு, வழியெல்லாம் சீமைக்கருவேல முள். வெயிலில் ரப்பர் இறுகி, மடிப்புகளில் வெடிக்கிறது. அவ்வெடிப்பின் வழியே கிரீஸ் சிதறி, மணல் புகும். பிறகு கிரீஸே சாணைக்கல்லாகிக் குண்டுகளையும் அவை ஓடும் பள்ளங்களையும் அரிக்கும்.

சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருந்தால் உறை கிழிந்தது என்று பொருள். வளைவில் திரும்பும்போது ‘டக் டக்’ என்று ஓசை கேட்டால் மூட்டே தேய்ந்துவிட்டது. புதிய உறை மட்டும் பயன் தராது.

மாற்றும் முறை

1. சமதரையில் நிறுத்தி, கை பிரேக் இட்டு, பின் சக்கரங்களுக்கு அடைகல் வைக்க வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே அச்சு நட்டின் பூட்டை நீக்கி, நட்டைத் தளர்த்த வேண்டும்.

2. ஜாக்கியால் தூக்கியபின், உறுதியான இரும்புத் தாங்கிகள்மீது வண்டியை அமர்த்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைவது உயிருக்கே ஆபத்து. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் திடீரென நொறுங்கும். அவை தாங்கிகள் ஆகா.

3. சக்கரத்தையும் கீழ்ப் பால் ஜாயிண்டையும் கழற்றி, அச்சைச் சக்கரக் குடத்திலிருந்து விடுவிக்க வேண்டும். மரை கெடாதபடி மரக்கட்டை வைத்தே தட்ட வேண்டும்.

4. பழைய கிளிப்புகளையும் உறையையும் வெட்டி எடுத்து, மூட்டைத் தண்டிலிருந்து கழற்ற வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் ஒரு கம்பி வளையமே அதனைப் பிடித்திருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, நன்கு உலர்த்தி, குழிகள் உண்டா எனப் பார்க்க வேண்டும்.

5. புதிய உறையையும் சிறிய கிளிப்பையும் முதலில் தண்டில் ஏற்ற வேண்டும். பலரும் மறக்கும் இடம் இதுவே. தண்டின் பற்கள் ரப்பரைக் கிழிக்காதிருக்க அவற்றின்மேல் டேப் சுற்றி, பின்னர் நீக்கிவிடலாம்.

6. உறையுடன் வரும் மாலிப்டினம் கலந்த கிரீஸ் முழுவதையும் மூட்டிலும் உறையிலும் நிரப்ப வேண்டும். சாதாரண கிரீஸ் கூடாது. புதிய வளையம் இட்டு மூட்டைத் தட்டிப் பொருத்தி, அது கழன்று வராததை இழுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றி, மடிப்பு முறுக்கிக் கொள்ளாதபடி கிளிப்புகளை இறுக்க வேண்டும்.

7. கழற்றியவற்றை மீளப் பொருத்தி, வண்டியின் கையேடு கூறும் முறுக்கு அளவில் நட்டை இறுக்கி, புதிய பூட்டு ஊசி இட வேண்டும். மாட்டு வண்டிக்குக் கடையாணி எப்படியோ, காருக்கு இது அப்படி.

முடிவுரை

நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாலிக்கு விடலாகாது என்பர் பெரியோர். மாதம் ஒருமுறை சக்கரத்தைத் திருப்பி வைத்து, உறையின் மடிப்புகளை விரலால் தடவிப் பார்த்தால் போதும். வெடிப்பு தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். உராய்வையும் கோண வேகத்தையும் வகுப்பில் பயிலும் நாம், அவற்றை நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியிலும் கண்டறிவோமாக. கையில் கிரீஸ் படிந்த கல்வி எளிதில் மறப்பதில்லை.