குழலிசையைச் செல்லோவுக்கு மாற்றி எழுதுதல்

18-ஆம் நூற்றாண்டுக் குழலிசையில் பக்கவாத்தியம் இல்லாமல் எழுதப்பட்டவையே செல்லோவுக்கு நன்றாக வரும். டெலமான் 1732 வாக்கில் ஹாம்பர்க்கில் அச்சிட்ட 12 ஃபேன்டசியாக்கள், யோஹான் செபாஸ்டியன் பாக்கின் ஏ மைனர் பார்ட்டிட்டா, அவர் மகன் கார்ல் பிலிப் இமானுவேல் 1747-இல் இயற்றிய ஏ மைனர் சொனாட்டா ஆகியவை முதலில் எடுக்கத் தக்கவை. பழைய அச்சு அல்லது கையெழுத்துப் படியின் நகலை வைத்தே வேலையைத் தொடங்க வேண்டும். பிற்காலப் பதிப்புகளில் சேர்ந்த ஸ்லர்களும் மூச்சுக்குறிகளும் குழலுக்காகப் போடப்பட்டவை. வில்லுக்கு அவை இடைஞ்சல்.

எவ்வளவு இறக்குவது என்பது அடுத்த முடிவு. மற்றதெல்லாம் இதைப் பொறுத்தே அமையும். அக்காலத்து ஒற்றைச் சாவிக் குழலின் கீழ்ச்சுரம் நடு சி-யை அடுத்த டி. வழக்கமான மேலெல்லை இரண்டு ஸ்தாயிக்குச் சற்று மேலே உள்ள ஈ. ஒரு ஸ்தாயி மட்டும் இறக்கினால் அந்த டி, செல்லோவின் டி தந்தியில் விரல் வைக்காமலே கிடைக்கும். ஆனால் கீழிரண்டு தந்திகள் சும்மா கிடக்க, மேல்சுரங்களுக்கு ஏ தந்தியில் கட்டைவிரலை ஊன்றி வாசிக்க நேரும். பலரும் முதலில் நினைக்கும் வழி இது; பயன் குறைவு.

இரண்டு ஸ்தாயி இறக்கினால் எல்லாம் கைக்கு எட்டும் இடத்துக்கு வரும். பாக்கின் பார்ட்டிட்டாவில் வரும் அல்மாண்டின் முடிவில் குழல் எட்டிப் பிடிக்கும் உச்ச ஏ, இங்கே ஏ தந்தியின் சரிபாதியில் மெல்லத் தொட்டாலே ஒலிக்கும் ஹார்மோனிக் ஆகிவிடுகிறது. சி தந்தியில் விழும் வேகமான ஓட்டங்கள் மட்டும் தெளிவிழக்கும்.

மூன்றாவது வழியில் ஒரு ஸ்தாயி இறக்கி, மேலும் ஒரு பஞ்சம இடைவெளி இறக்க வேண்டும். குழலின் டி இப்போது ஜி தந்தியின் வெற்றுச்சுரம். ஷார்ப்புகளில் ஒன்று குறையும்: ஈ மேஜர் ஏ மேஜராகும், எஃப் ஷார்ப் மைனர் பி மைனராகும். டெலமானின் ஒன்பதாம், பத்தாம் ஃபேன்டசியாக்களுக்கு இதுவே உகந்தது. பி ஃபிளாட் மேஜரிலுள்ள நான்காவதற்கு இது கூடாது. ஃபிளாட் ஒன்று கூடி ஈ ஃபிளாட் ஆகிவிடும். அதை இரண்டு ஸ்தாயியே இறக்கலாம்.

கிளெஃப் விஷயத்தில் ஒரு வசதி உண்டு. குழல் கலைஞர் ஹோத்தெத்தேர் காலத்துப் பிரெஞ்சு அச்சுகளில் ஜி கிளெஃப் அடிக்கோட்டில் இருக்கும். அதைப் பாஸ் கிளெஃப் என்று பாவித்துப் படித்தால் சுரப்பெயர்கள் மாறாமல் இரண்டு ஸ்தாயி தானாக இறங்கிவிடும். தொடக்கத்து ஷார்ப், ஃபிளாட் குறிகளையும் மாற்ற வேண்டியதில்லை.

பிறகு தாவல்களைச் சரிபார்க்க வேண்டும். குழலில் உதட்டை இறுக்கினாலே ஸ்தாயி தாண்டும். செல்லோவில் ஸ்தாயிக்கு மிஞ்சிய தாவல் பெரும்பாலும் நடுத்தந்தி ஒன்றைக் கடக்கும். வேகத்தில் அது தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொண்டு விரல் வைப்பை அங்கிருந்து பின்னோக்கி வகுப்பது நல்லது. டி-க்குக் கீழே குழலுக்குச் சுரமில்லை என்பதால் இறங்கிவரும் கீழ்க்குரல் திடீரென மேலே மடங்கும் இடங்களும் உண்டு. மடிப்பின் காரணம் அந்த எல்லைதான் என்று உறுதியானால், செல்லோவில் அந்த வரியைக் கீழேயே தொடர விடலாம். இயற்றியவர் வேண்டுமென்றே போட்ட தாவலைத் தொடக்கூடாது.

வில்லைத் தீர்மானிக்க குவான்ட்ஸ் 1752-இல் பெர்லினில் வெளியிட்ட குழல் நூல் உதவும். அவர் விளக்கும் துத்துக்காரத்தில் (நாக்கசைவால் சுரங்களைப் பிரிக்கும் முறை) 'திரி' என்ற இரட்டையின் 'ரி' அழுத்தமான சுரத்தில் விழும். புள்ளியிட்ட தாளங்களில் 'தி'-யை லேசான மேல்வில்லிலும் 'ரி'-யைக் கீழ்வில்லிலும் வைத்தால் அதே நடை கிடைக்கும். அல்மாண்டில் ஓய்வே இல்லாமல் ஓடும் பதினாறாம் பங்குச் சுரங்களுக்கு வில்லில் மூச்சு முட்டாதுதான். இருந்தாலும் வாக்கியம் முடியும் இடங்களில் சிறு கால்புள்ளி போட்டு வைக்க வேண்டும், இல்லையேல் கேட்பவருக்கு மூச்சு முட்டும்.

இரட்டைத் தந்திச் சுரங்களைச் சேர்க்கும் ஆசை கட்டாயம் வரும். முடிப்புகளில் ஒன்றிரண்டு போதும். ஒற்றைக் குரலுக்குள் இரண்டு குரல் கேட்கச் செய்ததே இந்தப் படைப்புகளின் நயம். அடியில் இருப்பதை எல்லாம் ஒலித்துக் காட்டினால் நயம் போய்விடும். சேர்த்த சுரங்களைச் சிறிய தலையுடனும் சேர்த்த ஸ்லர்களைப் புள்ளிக்கோட்டிலும் எழுதினால், வாசிப்பவர் எது மூலம், எது மாற்றியவர் கைவரிசை என்று பிரித்தறிவார்.