கனவுநிலை உரைத்தல்

திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயர் 'கனவுநிலை உரைத்தல்'. காண்டல் என்னாது உரைத்தல் என்றது ஏன்? பீன்யாவில் கழிந்த சில இரவுகளே என்னை இவ்வாறு வினவச் செய்தன.

2016 செப்டம்பர் 12 அன்று காவிரிச் சிக்கலால் பெங்களூரில் கலவரம் மூண்டது. பேருந்துகள் எரிந்தன. 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு. பீன்யாவும் அவற்றுள் ஒன்று. அன்று நான் பள்ளிச் சிறுவன். எங்கள் தெருவில் ஒரு கல்லும் விழவில்லை. லேத் பட்டறைகளின் ஓசை அடங்கிய அமைதியே எங்களை அச்சுறுத்தியது. அதன்பின் பல இரவுகள் என் தாயார் ஒரே கனவைக் கண்டார்: வீட்டினுள் வெள்ளம் ஏறுகிறது, கதவோ திறக்கவில்லை. தொலைக்காட்சியில் தீயைக் கண்டவர் கனவில் நீரைக் காண்பானேன்?

அமெரிக்க உளமருத்துவர் எர்னஸ்ட் ஹார்ட்மன், 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு முன்னும் பின்னும் 44 பேர் எழுதிவைத்த 880 கனவுகளை ஆராய்ந்தார். பிந்திய கனவுகளில் விமானமோ கோபுரமோ மிகவில்லை. கனவின் நடுவே நிற்கும் காட்சிதான் வலிமை பெற்றிருந்தது. பெருந்துயருற்றோர் பேரலை தம்மை வாரிச் செல்வதாகக் காண்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். கனவு நிகழ்ச்சியைப் படம் பிடிப்பதன்று. உணர்ச்சிக்கு உருவம் தந்து, பழைய நினைவுகளோடு அதனைப் பிணைப்பது என்பது அவர் கொள்கை. முடிந்த முடிபென்று நான் கூறேன். மாறாது மீண்டும் மீண்டும் வரும் கொடுங்கனவு நலம் செய்வதில்லை. பகலில் அதன் முடிவை மாற்றியெழுதி மனத்துள் ஒத்திகை பார்க்கும் மருத்துவமுறை இன்று உண்டு.

இட்லர் ஆட்சியில் செருமானியர் பலர் கண்ட கனவுகளைச் சார்லட் பெராட் என்னும் அம்மையார் திரட்டி 1966-இல் நூலாக்கினார். அதில் ஒரு மருத்துவரின் கனவில் வீட்டுச் சுவர்களே மறைந்துபோகின்றன. தனி மனிதர் கனவுதான், அச்சமோ நாட்டினது.

நம் கண்ணகியின் கனவும் அத்தகையதே, நண்பர்களே. கணவனுக்கு நேர்ந்த தீங்கோடு, அரசனுக்கும் ஊருக்கும் நேர்ந்ததையும் அவள் கண்டாள், தேவந்தியிடம் உரைத்தாள். குளத்தில் நீராடிக் காமவேளைத் தொழுமாறு தேவந்தி கூற, மறுத்துவிட்டாள். பரிகாரம் வேண்டாதவளுக்கும் கேட்பதற்கு ஒருத்தி வேண்டியிருந்தாள்!

தாயார் தம் கனவைக் குழாயடியில் அடுத்த வீட்டுக் கன்னட அம்மையாரிடம் உரைத்தார். அவரும், மகனைத் தேடிச் சந்தையில் அலைவதாகத் தாம் பல இரவுகள் கனாக் கண்டதைச் சொன்னார். அந்த வீட்டிலும் அச்சம் குடியிருந்ததை நாங்கள் அதுவரை எண்ணிப் பார்த்ததேயில்லை.

வெள்ளம் பின்னும் ஒருமுறை தாயாரின் கனவில் வந்தது. அம்முறை வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டினார்களாம்.