நாணயத்திற்கு நினைவு இல்லை

ஒரு ஞாயிறு மாலை, தானா ராத்தா திடலில் கால்பந்தாட்டம் காணச் சென்றிருந்தோம். நடுவர் நாணயத்தைச் சுண்டுமுன், அருகில் நின்ற தேயிலைத் தோட்ட அன்பர் ஒருவர், "சென்ற மூன்று ஆட்டங்களிலும் தலையே விழுந்தது. இன்று பூவின் முறை" என்றார். பூவே விழுந்தது. அவர் சொன்னது பலித்தது. ஆயினும் அவர் கூறிய காரணம் தவறு. ஏன் என்பதைக் காண்போம்.

நாணயத்தை ஒருமுறை சுண்டினால் தலை அல்லது பூ விழும். இரண்டிற்கும் சம வாய்ப்பு. ஆகவே தலை விழும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. இதனையே பள்ளியில் நிகழ்தகவு என்று கற்பிக்கின்றனர்.

இருமுறை சுண்டினால் தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என நான்கு விளைவுகள் உண்டு. ஒருமுறை கூடுந்தோறும் விளைவுகள் இரட்டிக்கும். மூன்று முறைக்கு 8. நான்கு முறைக்கு 16. அவை யாவும் சம வாய்ப்புடையவை.

இனி அன்பரின் கணக்கிற்கு வருவோம். மூன்று தலை விழுந்தபின் எஞ்சுபவை இரண்டே: தலை-தலை-தலை-தலை, தலை-தலை-தலை-பூ. இரண்டும் 16இல் ஒன்றே. எனவே நான்காம் முறையும் வாய்ப்பு சரிபாதிதான்.

இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் தடுத்து வைக்கப்பட்டிருந்த ஜான் கெரிச் என்னும் கணித அறிஞர், நாணயத்தை 10,000 முறை சுண்டினார். 5,067 முறை தலை விழுந்தது. பாதியைவிட 67 மிகுதி. 10,000இல் அது சிறிது. நாணயம் பழைய கணக்கைத் தீர்ப்பதில்லை. எண்ணிக்கை பெருகப் பெருக வேறுபாடு அற்பமாகிவிடுகிறது.

இத்தவறு எளிதில் நேர்வதே. ஓய்வு கொடுத்த பால்மரம் மிகுதியாகப் பால் தரும் என்பது நாம் கண்ட உண்மை. மரம் ஓய்வில் பாலைச் சேர்க்கிறது. நாணயமோ எதனையும் சேர்ப்பதில்லை.

நான்கு நம்பர் குலுக்கலும் அவ்வாறே. 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். நெடுநாள் வராத எண்ணாயினும், சென்ற வாரம் வந்த எண்ணாயினும், முதற்பரிசு வாய்ப்பு 10,000இல் ஒன்றே. 'பெரிய' ஆட்டத்தில் ஒரு ரிங்கிட்டுக்கு முதல் மூன்று பரிசுகள் 2,500, 1,000, 500 ரிங்கிட். 180 ரிங்கிட் பரிசுகள் பத்து. 60 ரிங்கிட் பரிசுகள் பத்து. மொத்தம் 6,400. எல்லா எண்களையும் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கு வாங்குபவர் 10,000 ரிங்கிட் கொடுத்து 6,400 பெறுவார். எல்லாப் பரிசும் பெற்றவருக்கே 3,600 நட்டம்! அதிகாலை இருளில் மரம் சீவி ஈட்டிய கூலியை, 'இன்று என் எண்ணின் முறை' என்று நம்பிக் கொடுப்பது தகுமா?

இன்றிரவே பிள்ளைகளுடன் அமர்ந்து 50 காசு நாணயம் ஒன்றை நூறு முறை சுண்டிப் பாருங்கள். தொடர்ந்து மூன்று தலை விழும்போதெல்லாம், அடுத்து விழுவது தலையா பூவா எனக் குறித்து வாருங்கள். பிள்ளைகளுக்கு அது பாடம். நமக்கு அது படிப்பினை.