பப்பாளியின் ஆணும் பெண்ணும்

மரங்களுள் ஆண், பெண் என்னும் பாகுபாடு உண்டென்பது தமிழ் மக்களுக்குப் புதிதன்று. ஆண்பனை, பெண்பனை எனப் பிரித்தறிந்தே நம் முன்னோர் பனையைப் பேணினர். திருவோத்தூரில் ஆண்பனைகள் குலையீன்ற செய்தியைச் சேக்கிழார் வியந்து பாடியதும், அஃது இயற்கைக்கு மாறென்பதை யாவரும் அறிந்திருந்தமையாலன்றோ? ஆயினும், அமெரிக்கக் கண்டத்தினின்று போந்து நம் புழைக்கடையிற் குடிபுகுந்த பப்பாளியைக் குறித்து அவ்வறிவு நம்மிடை நன்கு பரவவில்லை.

திருமுதுகுன்றம் எனப் பழம்பெயர் பூண்ட எம்மூராகிய விருத்தாசலத்தில், பீங்கான் சூளைகளில் வேலை செய்வோர் சிலர் தம் வீட்டின் பின்புறத்தே நான்கைந்து பப்பாளி வைத்திருப்பர். உண்டு மிஞ்சிய பழம் விலைக்குப் போகும். எம் தெருவில் ஓர் அம்மையார், நீண்ட காம்புகளிற் பூச்சரம் தொங்கவிட்டு ஒரு காயும் ஈயாத மரமொன்றை வெட்டுவித்தார். "காய்க்காத மரத்துக்கு எதுக்குத் தம்பி தண்ணி?" என்று எம்மை வினவினார். எஞ்சிய மூன்று மரங்களும் பூத்தன. பூக்களிற் பெரும்பாலன உதிர்ந்தன. நின்ற சிலவும் விதையின்றிச் சிறுத்துப் பழுத்தன. வீட்டுச் செலவிற்குத் துணையாயிருந்த சிறு வருவாயும் நின்றது.

வெட்டுண்டது ஆண்மரம். தண்டையொட்டித் தனித்துப் பருத்துத் தோன்றுவது பெண்பூ. அதற்கு வேண்டும் மகரந்தத்தைத் தருவது அச்சரப்பூவே. அந்திப்பொழுதிற் பறக்கும் பருந்து அந்துப்பூச்சிகளும் காற்றும் அதனைக் கொண்டு செல்லும். இருபது பெண்மரங்களுக்கு ஓர் ஆண்மரம் போதும். ஆனால் அவ்வொன்று இன்றியமையாதது.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட வகைகளுள் கோ 2, கோ 5 ஆகியவற்றில் ஆணும் பெண்ணும் வேறு வேறு மரங்கள். கோ 3, கோ 7 ஆகியவற்றிலோ பெண்மரங்களும் இருபாற்பூ மரங்களும் மட்டுமே தோன்றும். இருபாற்பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஓரிரு மரங்களுக்கே இடமுடையார் இப்பின்னவற்றை நாடுதல் நன்று. எனினும், கடுங்கோடையில் இருபாற்பூக்களிற் பல சூலகம் குன்றி ஆண்பூப்போல் ஆகிவிடுதலுமுண்டு. எம்மூர் வெயிலை அறிந்தார் இதனை எளிதிற் கொள்ளார். பெண்மரத்திற்கு இக்குறை இல்லையாதலின், இடமுள்ளவர்க்கு முன்னவையே தக்கன என்பது எம் கருத்து.

கன்று வாங்குங்கால் ஆண் பெண் தெரியாது. ஆதலின், கோ 2 வைப்பார் ஒரு குழிக்கு மூன்று கன்று நடுக. ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சரிபாதியாகத் தோன்றுமாதலின், மூன்றும் ஆணாய்ப் போதல் எட்டில் ஒரு பங்கே. பூ வெளிப்பட்டபின் குழிக்கொரு பெண்ணை நிறுத்தி ஏனையவற்றைக் களையலாம். ஏதேனும் ஒரு குழியில் மட்டும் ஆணை விடுக. குழி மேட்டில் அமைதல் வேண்டும். பீங்கானுக்கு உகந்த களிமண் பப்பாளிக்கு உகந்ததன்று, நீர் தேங்கின் வேர் அழுகும்.

எல்லா வீட்டிலும் ஆண்மரம் வேண்டுவதில்லை. அடுத்தடுத்த நான்கைந்து வீட்டார் தம்முட் பேசி, ஒருவர் தோட்டத்தில் அதனை நிறுத்தி, அதற்கு ஈடாக அவர்க்கு ஆளுக்கொரு பழம் கொடுத்துவரலாம்.