விமானிகளின் விடுப்பும் நிர்வாகத்தின் கணக்கும்



விடுப்பு என்பது தொழிலாளிக்கு நிர்வாகம் காட்டும் சலுகை எனச் சிலர் எண்ணுவர். விமானத் தொழிலைச் சற்று ஆராய்ந்தால் இவ்வெண்ணம் நிலைக்காது என்பது என் கருத்து.

முதலில் ஒரு கணக்கு. ஒரு விமானம் நாள்தோறும் 12 மணி நேரம் பறப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 4,380 மணி ஆகிறது. விமானியர் இருவர் வேண்டுமாதலால் 8,760 மணி. ஒருவர் ஆண்டில் 1,000 மணிக்குமேல் பறக்கலாகாது என்பது நம் நாட்டு விதி. ஆகவே ஒரே விமானத்துக்கு 9 பேராவது தேவை. விடுப்பு, நோய், மறுபயிற்சி ஆகியவற்றைச் சேர்த்தால் இத்தொகை இன்னும் ஏறும்.

"ஆள் குறைந்தால் அமர்த்திக்கொள்வதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் இடர்ப்பாடு. 200 மணி நேரம் பறந்த பின்னரே தொழில் உரிமம் கிடைக்கிறது. அதற்குமேல், ஓட்டவிருக்கும் விமான வகைக்கெனத் தனிப் பயிற்சி. பின்பு மூத்த விமானியின் மேற்பார்வையில் பறத்தல். பணமும் பல மாதங்களும் கரைகின்றன. பயின்றவர் வேறு கம்பெனிக்குச் சென்றுவிட்டால் முதலீடும் அவரோடு போய்விடும். தலைமை விமானி ஓராண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்புத் தந்தே விலக வேண்டும் என 2017-இல் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் விதித்ததன் காரணம் இதனால் விளங்கும்.

பயிற்சிச் செலவுக்கு அஞ்சி ஆட்களை அளந்து வைத்தால், விடுப்புக் கணக்கில் சிறு பிசகும் பெருந்தொல்லை ஆகிறது. அயர்லாந்தின் ரையன்ஏர் கம்பெனி விடுப்பு ஆண்டை மாற்றியமைத்தபோது விமானிகளின் விடுப்பு ஒருசேரக் குவிந்தது. 2017 செப்டம்பர் தொடங்கி ஆறு வாரங்களுக்குள் ஏறத்தாழ 2,000 பயணங்களை ரத்துசெய்வதாக அது அறிவித்தது.

நம் நாட்டிலும் அத்தகைய நிலை நேர்ந்தது. வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவுப் பணியைக் குறைத்த விதிகள் 2024 ஜனவரியிலேயே வெளியாயின. 2025-இல் இரு கட்டங்களாக அவை நடைமுறைக்கு வந்தன. போதிய விமானிகளை அமர்த்தாத இண்டிகோ, டிசம்பர் 5 அன்று மட்டும் 1,000-க்கு மேற்பட்ட பயணங்களை ரத்துசெய்தது. விடுப்பை வார ஓய்வுக்கு ஈடாக்கலாகாது என்ற விதியை இயக்குநரகம் அன்றே விலக்கிக்கொண்டது. பிழைத்தது நிர்வாகத்தின் கணக்கு. குறைந்ததோ விமானியின் ஓய்வு!

நம்முள் பலர் நாளை நிர்வாகப் பொறுப்பில் அமரக்கூடும். ஆள் எண்ணும் நாளிலேயே விடுப்பையும் எண்ணுவோமாக. களைத்த கண்களிடம் நூற்றுக்கணக்கான உயிர்களை ஒப்படைப்பது சிக்கனம் ஆகாது.